யார் ஜாடை?

வருகிற திங்கட்கிழமைக்குள் என் குணங்களில் ஒன்றையாவது என் மகளுக்குள் ஏற்றிவிடுவது என்று செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறேகால் மணிக்குத் தீர்மானம் செய்தேன். செய்த கையோடு மனைவியிடம் அறிவித்தேன். அவள் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"எந்தக் குணம்?" என்றாள்.

"நல்ல குணம்."

"தேடிக் கண்டுபிடிக்கவே ஆறு நாள் ஆகுமே. ஏத்துறது எப்ப?"

"எங்கிட்ட நல்ல குணமே இல்லைங்கிறியா?"

"இருக்குங்க. எங்க வெச்சீங்கன்னுதான் தெரியல. உங்க சாவிக்கொத்து மாதிரி."

இப்படித்தான் எங்கள் வீட்டில் பெரிய முயற்சிகள் எல்லாம் ஆசீர்வதிக்கப்படுகின்றன.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். கண் பரிசோதனை, லென்ஸ் தேய்ப்பது, பிரேம் பொருத்துவது எல்லாம் நானே. இருபத்திரண்டு வருஷமாக அடுத்தவர் முகத்தை ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பவன். அதனால் ஜாடை பிடிப்பதில் நான் புலி. யாராவது தனியாக வந்து நாற்காலியில் உட்கார்ந்தால் போதும். மூக்குத்தண்டு, காது நிற்கிற கோணம், இரண்டு கண்ணுக்கும் நடுவே இருக்கிற தூரம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "போன வருஷம் வந்தாரே லாரி ஆபீஸ் மேனேஜர், அவரோட தங்கச்சிதானே நீங்க?" என்பேன். வாயைப் பிளந்துவிடுவார்கள். ஒரே ஒரு தடவைதான் தவறியது. அது தங்கை இல்லை, மனைவி. அந்தக் குடும்பம் இப்போது வேறு கடைக்குப் போகிறது.

என் மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் வேலை பார்க்கிறாள். அந்தக் கார்களில் கற்றுக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். எங்கள் குடும்பமும் அதே மாடல்தான். ஸ்டியரிங் என் கையில். பிரேக் அவள் காலில்.

எங்கள் மகளை வீட்டில் வாண்டு என்று கூப்பிடுவோம். ஒன்பது வயது. அவள் எங்களுக்குப் பிறந்தவள் இல்லை. பதினோரு மாதக் குழந்தையாக இருந்தபோது தத்தெடுத்துக் கொண்டுவந்தோம். இது அவளுக்கும் தெரியும், தெருவுக்கும் தெரியும். எதையும் மறைத்ததில்லை. அன்றைக்குக் காரில் வரும்போது வழியெல்லாம் என் சுட்டுவிரலை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தாள். அன்றைக்கே நான் அவுட்.

செவ்வாய்க்கிழமை நடந்தது இதுதான். சாப்பாட்டு மேஜையில் பழத்தட்டுக்குக் கீழே பள்ளிக்கூடத்துத் தாள் ஒன்று கிடந்தது. அறிவியல் டீச்சர் கொடுத்த வீட்டுப்பாடம். மேலே கொட்டை எழுத்தில், 'எனக்குள் இருப்பது யாரிடமிருந்து வந்தது?' என்று தலைப்பு. கீழே இரண்டு கட்டங்கள். ஒன்றில் 'அப்பாவிடமிருந்து', இன்னொன்றில் 'அம்மாவிடமிருந்து'. இரண்டு கட்டமும் காலி.

மற்ற பிள்ளைகள் எல்லாம் அப்பா மூக்கு, அம்மா முடி, தாத்தா மாதிரி கணக்கில் கெட்டி என்று எழுதித் தள்ளுவார்கள். இவள் என்ன எழுதுவாள்? பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாளோ? குழந்தை மனசு கலங்கிவிடுமே என்று மனைவியிடம் சொன்னேன்.

அது பாதி உண்மை. மீதியை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். கலங்கியது நான்தான். எட்டு வருஷமாக இந்தப் பெண்ணைத் தோளில் போட்டு வளர்த்திருக்கிறேன். அவளுக்குள் என்னுடையது என்று ஒன்று, ஒரே ஒன்று, இருக்குமா? அந்தக் கட்டம் காலியாகவே போய்விட்டால் அதை எப்படித் தாங்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

தாளின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. இங்கே ஒரு விஷயம். ஊருக்கெல்லாம் வெள்ளெழுத்துக் கண்ணாடி விற்கிறவன் நான். எனக்கு வெள்ளெழுத்து வரவில்லை. அதாவது, வந்ததை நான் ஒப்புக்கொள்ளவில்லை. என் கை இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்தால் எல்லாம் தெளிவாகத் தெரியும்.

"இதை எப்பக் குடுக்கணும் வாண்டு?"

"கீழ போட்டிருக்குப்பா."

கையை முழுசாக நீட்டிப் பார்த்தேன். வரி ஆடியது. தலையை ஆட்டினேன்.

"ம்... திங்கக்கிழமை. நாளிருக்கு."

வாண்டு அம்மாவைப் பார்த்தாள். அம்மா ஏற்கனவே மடித்த துண்டைப் பிரித்து மறுபடி மடித்தாள். அதற்குப் பிறகுதான் ஆறேகால் மணித் தீர்மானம்.

மறுநாள் கீழ்வீட்டுப் பல் டாக்டரிடம் யோசனை கேட்கப் போனேன். அவருடைய கிளினிக்கும் அங்கேயேதான். வாசலில் அட்டைப்பெட்டி ஒன்றுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, அவர் வீட்டுப் பூனை போட்ட குட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"டாக்டர், அறிவும் குணமும் பிறப்புல வருதா, வளர்ப்புல வருதா?"

"வாயைத் திறங்க."

"எதுக்கு?"

"பழக்க தோஷம், சொல்லுங்க. கோணல் பல்லு பிறப்புல வருது சார். சொத்தைப் பல்லு வளர்ப்புல வருது."

"அப்ப சொத்து பரம்பரை. சொத்தை பரம்பரை இல்ல."

"அப்படி ஒரேயடியா சொல்லிட முடியாது கண்ணாடிக்காரரே. பல்லு கெட்டியா பொறந்தவன் எவ்வளவு மிட்டாய் தின்னாலும் தப்பிச்சுக்குவான். மெல்லிசா பொறந்தவன் ஒழுங்கா தேய்ச்சா அவனும் தப்பிச்சுக்குவான். எது எவ்வளவுன்னு தனித்தனியா பிடுங்கி எடுத்துக் காட்ட எங்கிட்ட குறடு இல்ல."

"ஒரு குணத்தைப் புதுசா ஏத்தணும்னா எத்தனை நாள் ஆகும்?"

"பல்லுக்குக் கம்பி போட்டா ரெண்டு வருஷம்."

"எனக்கு அஞ்சு நாள்தான் டாக்டர் இருக்கு."

"அஞ்சு நாள்னா பிடுங்கத்தான் முடியும்."

மேலே வந்துவிட்டேன். இரண்டு வருஷ வேலையை ஐந்து நாளில் முடிப்பதற்குத் திட்டம் வேண்டும். திட்டம் போட்டேன்.

வியாழக்கிழமை: அதிகாலையில் எழுவது. அதிகாலையில் எழுவேன் என்று நான் இருபது வருஷமாகச் சொல்லிவருகிறேன். ஐந்து மணிக்கு அலாரம் வைத்தேன். ஆறரைக்கு யாரோ தோளைத் தட்டினார்கள். குளித்து, தலை வாரி, சீருடையோடு வாண்டு நின்றாள்.

"அப்பா, எழுந்திரிங்க. அதிகாலையில எழுந்திரிக்கக் கத்துத் தர்றேன்னீங்களே."

வெள்ளிக்கிழமைக்கு ஞாபகசக்தி என்று வைத்திருந்தேன். மறந்துவிட்டேன்.

சனிக்கிழமை பள்ளி விடுமுறை. அன்றைக்குப் பொறுமை. அவளைக் கடைக்குக் கூட்டிப்போனேன். மூக்குக்கண்ணாடிப் பிரேமின் திருகாணி எவ்வளவு சின்னது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். தும்மினால் போயிற்று. அதை இடுக்கியால் எடுத்து, துளையில் நிறுத்தி, மூச்சை அடக்கித் திருக வேண்டும்.

"பார் வாண்டு. இதுக்குத் தேவை பொறுமை. அப்பாவுக்கு அது அதிகம். கவனிச்சுக்கோ."

முதல் திருகாணி தரையில் விழுந்தது. இரண்டாவது எங்கே விழுந்தது என்றே தெரியவில்லை. மூன்றாவது விழுந்தபோது, அதைச் செய்த கம்பெனி, விற்ற ஆள், உலக்கை விரலுள்ள மனித இனம் எல்லாவற்றையும் நான் வாய்விட்டுத் திட்டிக்கொண்டு மேஜைக்கடியில் தவழ்ந்தேன். நிமிரும்போது தலை இடித்தது. அதற்காக மேஜையையும் திட்டினேன்.

எழுந்து பார்த்தால் வாண்டு நாலாவது திருகாணியை மாட்டி முடித்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இது உனக்கு யார் சொல்லிக் குடுத்தது?"

"யாரும் இல்லப்பா. நீங்க கீழ இருந்தீங்களா, எனக்கு நேரம் கிடைச்சுது."

பொறுமை அவளிடம் முன்னமே இருந்திருக்கிறது. எங்கிருந்து வந்ததோ! நான் பார்த்தே இராத, பேர்கூடத் தெரியாத யாரோ ஒருவர் எங்கேயோ பொறுமையாக இருந்திருக்கிறார். மனசுக்குள் அவரைக் கும்பிட்டேன். கொஞ்சம் பொறாமையும் பட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை கையில் ஒன்றுமே மிச்சமில்லை. மனைவி குளித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, வாண்டுவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் எண் புதிர் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்தத் தாள்ல என் கட்டத்துல என்ன எழுதப் போற?"

"என்ன எழுதணும்ப்பா?"

"நான் சொல்லக் கூடாது. உனக்காத் தோணணும்."

"சரிப்பா."

"பொறுமைன்னு தோணலாம்."

"தோணலாம்."

"நேர்மைன்னுகூடத் தோணலாம்."

"நேர்மைன்னு எழுதுன்னு சொல்லித் தர்றது நேர்மையாப்பா?"

அறிவும் என்னிடமிருந்து வரவில்லை என்பது அந்த நிமிஷமே உறுதியாயிற்று.

வாண்டு பென்சிலைக் கீழே வைத்தாள். "அந்தத் தாள்லதானே? நீங்க சொல்றதையெல்லாம் எழுதித் தர்றேன். எனக்கு என்ன தருவீங்க?"

"என்ன வேணும்?"

"பூனைக்குட்டி."

நான்கு வருஷமாக இந்த வீட்டில் நான் ஜெயித்துவரும் ஒரே வழக்கு பூனை வழக்கு. பூனை முடி லென்ஸில் ஒட்டும், தொழில் படுத்துவிடும் என்று வாதாடி நிறுத்தி வைத்திருக்கிறேன். உண்மைக் காரணம் பயம். பூனை என்னை உற்றுப் பார்த்தால், என் வருஷக்கணக்கான தப்புகள் எல்லாம் அதற்குத் தெரிந்துவிட்டது போல எனக்கு இருக்கும்.

ஆனால் அன்றைக்கு எனக்குள் ஒரு பேய் மூளை வேலை செய்தது. என் மனைவிக்கு சோபா உயிர். சோபாவின் மேல் ஈரத்துண்டு போட்டாலே பிரேக்கை மிதிப்பவள். பூனை நகத்தைக் கனவிலும் ஒத்துக்கொள்ள மாட்டாள்.

"அம்மா சரின்னு சொன்னா எனக்கும் சரி" என்றேன் பெருந்தன்மையாக. குழந்தைக்கு வாக்குக் கொடுத்த மாதிரியும் ஆயிற்று, பூனை வராத மாதிரியும் ஆயிற்று.

"அப்ப நீங்கதான் அம்மாகிட்ட கேக்கணும்."

"நானா?"

"கட்டம் உங்களுதுப்பா."

மனைவி தலையைத் துவட்டிக்கொண்டு வந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"பூனையா!" என்று அலறினாள். "என் சோபா என்ன கதி ஆகும்?"

மனசுக்குள் கைதட்டினேன். வெளியே முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டேன். "பாத்தியா வாண்டு. அம்மா வேணாங்கிறா."

வாண்டு அழவில்லை. மேஜை மேல் கிடந்த தாளை எடுத்தாள். என் கட்டத்தை ஒரு தடவை பார்த்தாள். அப்புறம் அதை மெதுவாக, நிதானமாக, நாலாக மடிக்க ஆரம்பித்தாள்.

"இரு இரு இரு" என்றேன். மனைவி பக்கம் திரும்பினேன். "ஏம்மா, சோபா பழசுதானே?"

"போன வருஷம் வாங்கினது."

"அதுக்குள்ள சாயம் போயிடுச்சு பாரு. மேல ஒரு போர்வை போட்டா போதும்."

"முடி கொட்டும்னீங்க. தொழில் படுத்துடும்னீங்க."

"அது பெரிய பூனை. இது குட்டி. குட்டிக்கு ஏது அவ்வளவு முடி?"

"குட்டி பெரிசாகாதாங்க?"

"வளர்ப்புல இருக்குது எல்லாம்!"

"சாப்பாடு யார் வெப்பா?"

"நான்."

"அசிங்கம் பண்ணினா யார் அள்ளுவா?"

"நான்."

"தினமுமா?"

"தினமும். காலைல எழுந்ததும் முதல் வேலை."

அரை மணி நேரம் பூனைக்காக வாதாடினேன். பூனை வளர்த்தால் ரத்த அழுத்தம் குறையும், எலி வராது, பெண் குழந்தைக்குப் பொறுப்பு வரும் என்றெல்லாம் சொன்னேன். எங்கே படித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. என் வாதத்தில் நானே கொஞ்சம் உருகிவிட்டேன். கடைசியில் மனைவி பெரிய மூச்சு விட்டாள். "உங்க இஷ்டம். நான் சொன்னா இந்த வீட்ல எடுபடுமா?" என்றாள்.

அப்போதுதான் அதைப் பார்த்தேன். மனைவியின் இடது புருவம் மேலே போனது. அதே நொடியில் எதிரே வாண்டுவின் இடது புருவம் மேலே போனது. அதே உயரம், அதே வளைவு. ஒரு மில்லிமீட்டர் வித்தியாசமில்லை. இருபத்திரண்டு வருஷத் தொழில் அனுபவத்தில் சொல்கிறேன், பெற்ற தாய்க்கும் பெண்ணுக்கும்கூட இவ்வளவு பொருந்திப் பார்த்ததில்லை.

"ஏய்! ஜாடை!" என்று கத்தினேன்.

மனைவி திடுக்கிட்டாள். "என்ன ஜாடை? நான் ஒண்ணும் ஜாடை காட்டலையே!"

வாண்டு சட்டென்று கூரையைப் பார்த்தாள்.

"இல்லம்மா, புருவம்! அப்படியே உன் ஜாடை! இத்தனை நாள் நான் கவனிக்கவே இல்ல."

"ஓ... அந்த ஜாடையா!" என்று மனைவி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். நெகிழ்ந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

மத்தியானம் கீழே போய் டாக்டரிடம் குட்டி ஒன்று கேட்டேன். அவர் உள்ளே போய், மெத்தை விரித்து, பால் கிண்ணம் வைத்து, கைப்பிடியில் ரிப்பன் கட்டிய கூடையோடு வந்தார்.

"ஏன் லேட்டு? உங்க வீட்ல வெள்ளிக்கிழமையே கூடையைக் குடுத்து வெச்சுட்டாங்களே" என்றார். "ஞாயித்துக்கிழமை மத்தியானம் நீங்களே வந்து கெஞ்சி வாங்கிட்டுப் போவீங்கன்னாங்க. நான்தான் நம்பல."

கூடையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினேன். குட்டி தலையை நீட்டி என்னை உற்றுப் பார்த்தது. எனக்கு மெல்ல எல்லாம் விளங்க ஆரம்பித்தது. ஜாடை என்றால் முகச்சாயல். ஜாடை என்றால் கண்ணால் சொல்லும் சங்கதியும்கூட. முதல் ஜாடையில் புலியாக இருந்தவன் இரண்டாவது ஜாடையில் கோட்டை விட்டிருக்கிறேன். பரவாயில்லை, பூனை வந்தால் வந்துவிட்டுப் போகிறது, கட்டமாவது நிறையுமே என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். வாண்டுவும் சொன்ன சொல் தவறவில்லை. சாயங்காலம் உட்கார்ந்து, நான் சொன்னது போலவே பொறுமை, நேர்மை, ஞாபகசக்தி என்று குண்டுகுண்டாக எழுதிக் கொடுத்தாள்.

திங்கட்கிழமை காலை. வாண்டு காலணி மாட்டிக்கொண்டிருந்தாள். தாள் மேஜை மேலேயே கிடந்தது.

"வாண்டு, இதை எடுத்து வெச்சுக்கோ. டீச்சர் கேப்பாங்க."

"அது வேணாம்ப்பா. அது அதிகப்படி தாள். ஒண்ணு தப்பாப் போனா எழுதிக்கச் சொல்லி எல்லாருக்கும் ரெண்டு குடுத்தாங்க. நான் போன மாசமே குடுத்துட்டேன்."

"போன மாசமா? திங்கக்கிழமைன்னு..."

"கீழ தேதி போட்டிருக்குப்பா. அன்னிக்கே சொன்னேனே."

மனைவி அறைக்குள் போய் அலமாரியைத் திறந்தாள். இரண்டு பொருட்களோடு வந்தாள். ஒன்று, வெள்ளெழுத்துக் கண்ணாடி. என் கடையில் வாங்கினால் நான் கேள்வி கேட்பேன் என்று வேறு கடையில் வாங்கியிருக்கிறாள். இன்னொன்று, டீச்சர் திருத்திக் கொடுத்த அசல் தாள். ஓரம் மடங்காமல் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைத்திருந்தாள்.

"ஏன் எங்கிட்ட காட்டல?"

"காட்டத்தாங்க எடுத்து வெச்சிருந்தேன். அதுக்குள்ள நீங்க குணம் ஏத்தக் கிளம்பிட்டீங்க. பாக்க நல்லாயிருந்துச்சு, விட்டுட்டேன்."

கண்ணாடியை மாட்டினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், உலகம் அவ்வளவு கூர்மையாக இருக்கும் என்பது எனக்கு மறந்தே போயிருந்தது.

'அப்பாவிடமிருந்து' என்ற கட்டம் காலியாக இல்லை. நிரம்பி, கோட்டைத் தாண்டி, ஓரத்தில் ஏறி, பின்பக்கமும் போயிருந்தது.

'தட்டில் பிடித்ததைக் கடைசியாகச் சாப்பிடுவேன். அப்பாவும் அப்படித்தான். தெரியாவிட்டாலும் தெரிந்த மாதிரி தலையாட்டுவேன். அப்பாவிடம் கற்றது. யாராவது பேசினால் அவர்கள் கண்ணையே பார்ப்பேன். சிரிப்பு வரக் கூடாத இடத்தில் வரும். என் சுருட்டை முடி யாரிடமிருந்து வந்தது என்று தெரியாது. ஆனால் யோசிக்கும்போது முடிக்குள் விரல் விட்டுச் சுற்றுவது அப்பாவிடமிருந்து வந்தது. அப்பாவுக்கு முடி இல்லை. இருந்தாலும் சுற்றுவார். இடி இடித்தால் எனக்குப் பயம். அப்பாவுக்கும் பயம். ஆனால் ஜன்னலைச் சாத்த அவர்தான் எழுந்து போவார். பயந்துகொண்டே போவார். நானும் இப்போது பயந்துகொண்டே போகிறேன்.'

எழுத்து ஆடியது. இந்தத் தடவை வெள்ளெழுத்து காரணமில்லை. புதுக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன், மாட்டினேன், மறுபடி கழற்றினேன். நான் ஏற்ற நினைத்தது ஒன்றுகூட அதில் இல்லை. நான் அறியாமலே கொடுத்தது அத்தனையும் இருந்தது. வாண்டுவை இழுத்து அணைத்துக்கொண்டேன். அவள் என் வழுக்கையைத் தட்டிக் கொடுத்தாள்.

மனைவியை வெற்றிப் பார்வை பார்த்தேன். எட்டு வருஷத்தில் முதல் முறையாக ஒரு விஷயத்தில் நான் அவளை முந்தியிருக்கிறேன். என் கட்டம் ஒன்றரைப் பக்கம். அவளுடையது ஒரே ஒரு வரி.

"பாவம்மா நீ. உனக்கு ஒண்ணே ஒண்ணுதான் எழுதியிருக்கா" என்று சொல்லிக்கொண்டே அதை உரக்கப் படித்தேன்.

'அம்மாவிடமிருந்து: அப்பாவுக்கே தெரியாமல் அப்பாவைச் சம்மதிக்க வைப்பது.'